காட்டைக் காக்கும் செலவும் காட்டின் மீதான உரிமையும்: நியூசிலாந்து தரும் பாடம்

அயல் விலங்குகளிடமிருந்து காட்டைக் காப்பது அறிவியல் சிக்கல் மட்டுமன்று. யாருடைய பணம், யாருடைய முடிவு என்னும் அரசியல் சிக்கலும் ஆகும். நியூசிலாந்தின் அனுபவம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது.

இலாபமும் இழப்பும்

ஐரோப்பியக் குடியேறிகள் தோல் வணிகத்துக்காக 1837 முதல் ஆஸ்திரேலியாவிலிருந்து போசம் என்னும் மர விலங்கைக் கொண்டுவந்தனர். மேய்ச்சல் நிலங்களில் பெருகிய முயல்களை ஒழிக்க 1880களில் கீரியை ஒத்த ஸ்டோட் விலங்கை இறக்கினர். பொலினீசிய எலி முன்பே வந்திருந்த தீவுகளில் கப்பல் எலிகளும் பரவின. போசம் மரங்களின் இலைகளைத் தின்று மொட்டையாக்குகிறது. பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் இம்மூன்றுமே தின்கின்றன. ஆதாயம் குடியேறிகளுக்கு, இழப்போ காட்டுக்கும் அதன் மண்ணின் மக்களான மாவோரியருக்கும்.

சந்தை எங்கே நின்றுவிடுகிறது?

"தோலை விற்றால் செலவு தானே ஈடாகுமே" என்பர் சிலர். பொறி வைப்பவர் விலங்குகள் மிகுந்த இடத்தில்தான் உழைப்பார். எண்ணிக்கை குறையக் குறைய ஒவ்வொரு விலங்கையும் பிடிக்கும் செலவு ஏறும்; வருமானம் கட்டுப்படியாகாதபோது அவர் வெளியேறுவார். எஞ்சியவை மீண்டும் பெருகும். ஆக, காடு மீள்வதற்கு முன்பே சந்தை நின்றுவிடுகிறது.

போசம் கால்நடைகளுக்குக் காசநோயைப் பரப்புவதால், அதைக் கட்டுப்படுத்தப் பண்ணையாளர்களும் அரசும் பணம் செலுத்துகின்றனர். இறைச்சிக்கும் பாலுக்கும் ஏற்றுமதி விலை உண்டு. காட்டுப் பறவைக்கு இல்லை. எனவே பண்ணைகளுக்கு அச்சுறுத்தலான பகுதிகளுக்கே இப்பணம் செல்கிறது. உட்காடுகள் பொதுப்பணத்தை நம்பிக் காத்திருக்கின்றன.

நிலையற்ற நிதி

போசம், எலி, ஸ்டோட் ஆகியவற்றை 2050க்குள் ஒழிப்பதென 2016இல் அரசு அறிவித்தது. 50 ஆண்டுகளில் சுமார் 900 கோடி நியூசிலாந்து டாலர் தேவைப்படும் என 2015இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருந்தனர். ஆனால், இதற்கென நிறுவப்பட்ட அரசு நிறுவனத்தை மூடும் முடிவு 2025 நிதிநிலை அறிக்கையில் வந்தது. இலக்கு மட்டும் நீடிக்கிறது.

ரௌகூமாரா மலைக்காடுகளில் மானும் போசமும் விளைத்த அழிவைத் தடுக்க, இரு மாவோரி இனக்குழுக்கள் முன்னின்று நடத்தும் திட்டத்துக்கு, பெருந்தொற்றுக் கால வேலைவாய்ப்பு நிதியிலிருந்து 3.4 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. உள்ளூர் இளைஞர்களுக்குத் தம் காட்டிலேயே வேலை கிடைத்தது. எனினும் அது காலவரம்புள்ள நிதி. கட்டுப்பாடு நின்றால் விலங்குகள் சில ஆண்டுகளிலேயே பெருகிவிடும். செலவிட்ட பணமும் வீணாகும்.

உரிமையே அடித்தளம்

2014ஆம் ஆண்டுச் சட்டம் தே உரேவெரா காட்டின் அரசு உடைமையை நீக்கி, அதைச் சட்டப்படியான ஆளாக ஏற்றது. அதன் நிர்வாகத்தில் தூஹோய் மக்களுக்குப் பெரும்பான்மை உண்டு. வானிலிருந்து 1080 நஞ்சைத் தூவுவது குறித்து மாவோரியரிடையே ஆதரவும் உண்டு, எதிர்ப்பும் உண்டு. அந்த விவாதத்தை முடிவாக மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

இந்தியாவில் 2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குகிறது. நிதியில்லாத அதிகாரம் ஏட்டளவில் நிற்கும். அதிகாரமில்லாத வேலை வெறும் கூலியாக முடியும். இரண்டையும் சேர்த்தே நாம் கோர வேண்டும்.