கணவாய்க் காற்றும் ஆகாய விமானமும்

வைகாசியின் பிற்பகுதி முதல் ஆவணி வரையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாட்டுக்குள் புகும் மேல்காற்றுக்கு அஞ்சி, துடியலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் வாழைக்கு மூங்கில் முட்டுக் கொடுப்பதையும், தகரக் கொட்டகையின்மேல் கல்லேற்றி வைப்பதையும் ஆனி பிறக்குமுன்னரே முடித்துக்கொள்வார்கள். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் எட்டாயிரம் அடிக்கு மேல் எழுந்து வழிமறிக்க, இடையிலுள்ள 30, 40 கிலோமீட்டர்த் திறப்பில் பருவக்காற்று நெருக்கியடித்துப் பாய்வதே அதன் உக்கிரத்துக்குக் காரணம். குருடிமலை போன்ற குன்றுகளில் முட்டிச் சிதறி, வெயிலேறிய தரையின் வெக்கையோடும் கலந்துவிட்டால், ஒரே சீராக வீசவேண்டிய அக்காற்று விட்டுவிட்டு வீசத் தொடங்கிவிடும்.

1940இல் பீளமேட்டில் விமான நிலையம் அமைந்தபோது, இந்தக் காற்றோடு ஒரு புதிய பிராணி மல்லுக்கு நிற்க நேர்ந்தது. காற்றை எதிர்த்து இறங்குவதே விமானத்துக்கு க்ஷேமம். இன்று 05, 23 என்னும் எண்களைத் தாங்கி வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கும் ஓடுபாதை, பருவக்காற்றின் திசையை ஏறக்குறைய அனுசரித்தே அமைந்திருக்கிறது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை இங்கே விமானங்களைச் செப்பனிடும் தளத்தை நிறுவி, கடலே எட்டிப் பாராத இந்த ஊரில் அதற்குக் கப்பலுக்குரிய மரியாதையுடன் 'கருடா' என்று நாமகரணமும் செய்தது ஒரு வேடிக்கைதான்.

வேகமான காற்றைக் காட்டிலும் ஒழுங்கற்ற காற்றே விமானிக்குச் சத்துரு. மணிக்கு 60 மைல் வேகத்தில் இறங்கும் ஒரு சிறு விமானத்தை 20 மைல் காற்று எதிர்த்துக்கொண்டிருக்கையில், தரையின்மேல் அதன் வேகம் 40தான். அந்தக் காற்று திடீரென்று ஓய்ந்துவிடுமானால், சிறகுகளைத் தழுவி ஓடும் காற்றும் அதே 40 மைலாகக் குறைந்து, தாங்கும் சக்தி கைவிட்டுப்போக, விமானம் தொப்பென்று விழுகிறது. தரையைத் தொட்ட பின்னரும் அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. டைகர் மாத் முதல் டக்கோட்டா வரையில் அக்காலத்து விமானங்கள் பல வால்சக்கரம் உடையவை; பளு முன்சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், பக்கக்காற்று வாலைத் தள்ளிய மாத்திரத்தில் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சிறகின் நுனி தரையில் உரசும், சக்கரக்கால் முறியும், விசிறி வளையும்; விமானி பெரும்பாலும் உயிரோடு இறங்கி, சட்டைப் புழுதியைத் தட்டிக்கொள்வார்.

மலையோ அவ்வளவு தயாளமுடையதன்று. 1950 டிசம்பர் 13ஆம் தேதி, ஏர் இந்தியாவின் டக்கோட்டா ஒன்று கோத்தகிரியை அடுத்த ரங்கசாமி தூண் அருகே மோதி நொறுங்கியபோது, யுத்தத்திலிருந்து திரும்பிவந்த விமானங்களின் காயங்களைக் கொண்டு திரும்பாதவற்றின் கதியைக் கணித்த புள்ளியியல் மேதை ஆபிரகாம் வால்டும் அவர் மனைவியும் மாண்டனர். அந்த மரணத்தால் உலகம் நம் மலையை அறிந்தது. ஓடுபாதையில் முறிந்த சக்கரக்கால்களைப் பற்றி எழுதிவைத்தவர் யார்?

இந்தியன் ஏர்லைன்ஸ் 1957இல் வைக்கவுண்டையும் 1961இல் ஃபாக்கர் பிரண்ட்ஷிப்பையும் சேவையில் இறக்கிய காலத்தில் மூக்குச்சக்கரம் வழக்கமாகிவிட, பளு முன்னே நின்று விமானத்தை நேராக இழுத்துக்கொள்ளவே, சுழலும் தொல்லை பெரிய விமானங்களுக்கு ஒழிந்தது. எடை குறைந்த சிறு விமானங்களுக்கோ ஆடி மாதத்து நடுப்பகல் இன்றும் சோதனைதான். தரை சூடேறுமுன், காலை நேரத்திலேயே இறங்கிவிடுவது அவற்றுக்கு நல்லது.