உயர்ந்த உதவித்தொகையும் உயராத வரம்புகளும்: அமெரிக்கத் துணைப் பாதுகாப்பு வருமானத் திட்டம் (1972–2025)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வறிய முதியோர், பார்வையற்றோர், பிற மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான உதவி 1970களின் தொடக்கம் வரை மாநிலங்களின் பொறுப்பில் இருந்தது. நடுவண் அரசு நிதியில் பங்கேற்றபோதிலும், தொகையையும் தகுதியையும் மாநிலங்களே வரையறுத்தன. இதனால் ஒரே நிலையிலிருந்த இருவர், வாழும் மாநிலத்தைப் பொறுத்து வெவ்வேறு தொகை பெற்றனர். இவ்வேற்றுமையைக் களையும் நோக்கில், 1972 அக்டோபர் 30 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் கையொப்பமிட்ட சட்டத்திருத்தம் துணைப் பாதுகாப்பு வருமானத் திட்டத்தைத் தோற்றுவித்தது. 1974 சனவரியில் தொகை வழங்கல் தொடங்கியது.

உழைத்த காலத்தில் வரி செலுத்தியோருக்கான இயலாமைக் காப்பீடு 1956இலேயே சட்டமாகியிருந்தது. புதிய திட்டமோ வறுமையைத் தகுதியாகக் கொண்டது. எனவே பயனாளி தம் இயலாமையோடு வறுமையையும் தொடர்ந்து மெய்ப்பிக்க வேண்டியவரானார். இத்திட்டத்தின் பிற்கால இடர்ப்பாடுகள் பலவற்றுக்கும் வேர் இதுவே எனலாம்.

1974இல் தனிநபருக்கான மாத உதவித்தொகை 140 டாலர். அவர் வைத்திருக்கத்தக்க உடைமையின் வரம்பு 1,500 டாலர். குடியிருக்கும் வீடு இக்கணக்கில் சேராது. அன்று ஒருவர் பத்து மாதத் தொகைக்கு மேல் சேமித்து வைக்க இயன்றது. 1975 முதல் உதவித்தொகை விலைவாசியோடு இணைக்கப்பட்டது. உடைமை வரம்பு இணைக்கப்படவில்லை. 1984ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை ஆண்டுக்கு 100 டாலராக உயர்த்தி 1989இல் 2,000 டாலருக்குக் கொணர்ந்தது. அதன்பின் அது நகரவில்லை. 2025இல் உதவித்தொகை 967 டாலர். ஆகவே வரம்பு ஏறத்தாழ இரண்டு மாதத் தொகைக்குச் சுருங்கிற்று. எந்தச் சட்டமன்றமும் விதியைக் கடுமையாக்க வாக்களிக்கவில்லை. பணவீக்கமே அதனைச் செய்தது. மாதத் தொடக்கத்தில் கணக்கில் 2,000 டாலருக்கு மேல் இருப்பின் அம்மாதத் தகுதி இல்லை. பின்னர் கண்டறியப்படின், வழங்கிய தொகை திரும்பக் கோரப்படும்.

உழைப்போர் நிலையும் இத்தகையதே. பொது வருமானத்தில் 20 டாலரும் ஊதியத்தில் 65 டாலரும் விலக்கப்பட்டு, எஞ்சிய ஊதியத்தில் பாதி உதவித்தொகையில் கழிக்கப்படுகிறது. வேறு வருமானமின்றி 585 டாலர் ஈட்டுபவர் 250 டாலர் இழப்பார். இவ்விரு விலக்குத்தொகைகளும் 1972இல் குறிக்கப்பட்டவை; இன்றும் அவையே.

திருமணம் மேலும் கடினமானது. பயனாளிகள் இருவர் மணந்தால் அவர்களது தொகை இருமடங்காகாது, ஒன்றரை மடங்கே. 2025 கணக்கில் 1,934 டாலர் 1,450 டாலராகக் குறையும். இருவருக்குமான உடைமை வரம்பு 3,000 டாலர். உறவினர் வீட்டில் செலவின்றி உண்டு உறைவோருக்கு மூன்றிலொரு பங்கு வரை குறைக்கும் விதியும் இருந்தது. குடும்பத்தின் அன்பைக்கூட வருமானமாக எண்ணிய அக்கணக்கிலிருந்து உணவு நீக்கப்பட்டது 2024 செப்டம்பர் இறுதியில்தான். உறையுள் இன்னும் நீங்கவில்லை.

2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று சிறப்புச் சேமிப்புக் கணக்குகளை அனுமதித்து, அவற்றில் 100,000 டாலர் வரையிலான தொகையை வரம்புக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆயினும் 26 வயதுக்கு முன் இயலாமையுற்றோருக்கே அது பொருந்தியது. அவ்வயதை 2026 சனவரி முதல் 46ஆக உயர்த்தும் திருத்தம் பின்னர் இயற்றப்பட்டது. ஐம்பது வயதில் விபத்தால் இயலாமையுற்ற தொழிலாளிக்கு அப்போதும் 1989ஆம் ஆண்டின் 2,000 டாலரே வரம்பு.