அரங்கம் கண்டனர், அடிமை காணவில்லை!

சீனம் சென்று திரும்பும் பயணியைக் கேளுங்கள், கண்டது என்னவென்று. நெடுஞ்சுவர் என்பார், அரண்மனை என்பார், பிறகு, விழிகள் வியப்பால் விரிய, பீக்கிங் இசை நாடகம் என்பார். சேகண்டி அதிர்ந்தது, செந்நிற முகத்தான் ஒருவன் சீறி வந்தான், பட்டாடை பறந்தது, பாட்டு விண்ணைத் தொட்டது, மொழி புரியவில்லை, ஆயினும் எழுந்துவர மனமில்லை என்பார். உண்மைதான். வியந்து போற்றத்தக்க கலைதான் அது. ஆனால், நெடுங்காலம், அந்த அரங்கத்துக்கு விலை கொடுத்து நுழைந்தோர் ஒருபுறம். விலைக்கு விற்கப்பட்டு நுழைந்தோர் மற்றொருபுறம்! விளக்கொளி முழுவதும் விற்கப்பட்டவர் மீதே விழுந்தது. எனினும், அவர்கள் எவர் கண்ணிலும் படவில்லை. அந்த வரலாற்றைத்தான் நாம் அறிந்திட வேண்டும்.

1793ஆம் ஆண்டு. ஆங்கில மன்னனின் தூதராக மெகார்ட்னி பிரபு சீனம் சென்றார். வாணிப வாயில் திறக்க வேண்டும் என்பது வேண்டுகோள். மன்னன் சியென்லுங், பீக்கிங்குக்கு வடக்கே ஜெகோல் எனும் கோடை மாளிகையில் பிறந்தநாள் கொண்டாடிக் கொண்டிருந்தான். தூதருக்கு நாடகம் காட்டினார்கள். கடலுக்கும் நிலத்துக்கும் திருமணம் என்று தாம் புரிந்துகொண்ட காட்சியை மெகார்ட்னி தம் நாட்குறிப்பிலே விவரிக்கிறார். யானை வந்ததாம், புலி வந்ததாம். கடலின் பக்கமிருந்து திமிங்கலமே வந்து, வாயிலிருந்து நீரை அருவியெனக் கொட்டியதாம்! கொட்டிய நீர், தரையிலிருந்த துளைகளின் வழியே வடிந்ததாம். மன்னன் மகிழ்ந்தான், மந்திரிகள் ஆர்ப்பரித்தனர், தூதர் வியந்தார், வியந்ததை எழுதி வைத்தார். வாணிப வாயில் திறக்கவில்லை, வெறுங்கையுடன் திரும்பினார். திமிங்கலத்தைக் கண்டவர், அந்தத் திமிங்கலத்தின் உள்ளே இருந்த மனிதனைக் கண்டாரா? இல்லை. அரசவையில் எவருமே கண்டதில்லை. அயல்நாட்டார் எவ்விதம் காண்பார்!

அதற்கு மூன்றாண்டு முன்னர், 1790இல், அதே மன்னனின் எண்பதாம் பிறந்தநாள் விழாவுக்கென ஆன்ஹுவெய் மாநில நாடகக் குழுவினர் தலைநகர் வந்தனர். வந்தவர்கள் தங்கினர். பின்னர் ஹூபெய் பகுதியின் பண் வகைகளும் கலந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்றதுதான் பீக்கிங் இசை நாடகம். அரண்மனையும் அதனை விரும்பிற்று; அங்காடித் தெருவும் விரும்பிற்று. தேநீர் பருகியபடியே, தர்ப்பூசணி விதை கொறித்தபடியே, நுட்பமான ஒரு பாட்டு வந்ததும் "நன்று! நன்று!" என்று முழக்கமிட்டது அவை.

கலைக்கு முழக்கம் கிடைத்தது. கலைஞனுக்குக் கிடைத்தது என்ன?

சட்டம் சொல்லிற்று, அவன் இழிந்தவன் என்று. பரத்தையர், கூத்தர், அரசு அலுவலகக் காவல் ஏவலர், அடிமைகள் — இவர்கள் ஒரே வரிசை. இந்த வரிசையிலே பிறந்தவன் அரசுத் தேர்வு எழுதக் கூடாது. அரசுத் தேர்வுதான் சீனத்திலே ஏழை மகனும் ஏறக்கூடிய ஒரே ஏணி. உழவன் மகன் எழுதலாம்; நடிகன் மகன் எழுத முடியாது. பேரனுக்கும் அதே தடை. 1723இல் யுங்செங் மன்னன் சில மாநிலங்களின் பரம்பரைப் பாடகர் குடிகளை இழிநிலையிலிருந்து விடுவித்தான். எனினும் நடிகன்மீது விழுந்த தடை நீடித்தது.

பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும்போது பெற்றோர் முறி எழுதிக் கொடுப்பர். ஏழாண்டு, அதற்கு மேலும். அவ்வாண்டுகளில் அவன் ஈட்டும் பொருள் ஆசானுக்கு. அவன் ஓடிப்போனாலும், கிணற்றில் வீழ்ந்து மாண்டாலும், ஆசான் பொறுப்பல்ல! பெற்றவர் கைநாட்டு வைப்பர். வயிறு வைக்கச் சொல்லும். பிறகு பிரம்புதான் பாடம் நடத்தும். மேடையில் அவன் காற்றிலே சுழன்று விழும்போது கைதட்டிய பயணி, அந்தச் சுழற்சியின் பின்னே எத்தனை பிரம்படி என்று எண்ணிப் பார்த்திருப்பாரா?

பெண்ணின் கதி? மஞ்சு மன்னர்கள் தலைநகர மேடையிலிருந்து பெண்களை விலக்கினர். ஆகவே ஆடவனே பெண் வேடம் பூண்டான். மேடையில் மட்டுமா? நெடுங்காலம் பீக்கிங் நாடகக் கொட்டகைகளில் அவையிலேகூடப் பெண்ணுக்கு இடமில்லை. பெண்ணின் கற்பைப் பற்றிப் பாடுவர், பெண்ணின் கண்ணீரைப் பற்றிப் பாடுவர். ஆனால் பெண் கேட்கக் கூடாது! குடியரசு மலர்ந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

அந்த நாடகத்திலே முகவண்ணத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. செம்முகம் என்றால் வாய்மை வீரன், குவான் யூ. கருமுகம் என்றால் நேர்மை தவறா நீதிபதி, பாவ் செங். வெண்முகம் என்றால் வஞ்சகன், சாவ் சாவ். அவன் வாய் திறக்குமுன்னே அவை தீர்ப்பு வழங்கிவிடும். நாடகம் முடிந்ததும் நடிகன் அந்த வண்ணத்தைக் கழுவிவிடுவான். ஆனால் சமுதாயம் அவன் முகத்திலே பூசியிருந்ததே ஒரு வண்ணம், பிறப்பு எனும் வண்ணம், அதை எந்த நீரால் கழுவுவது? தலைமுறை தலைமுறையாகக் கழுவினும் போகவில்லையே!

மேடையில் பாடப்பட்டவை யாவும் மடமைதானா என்றால், இல்லை. "மீனவனின் பழி" என்றொரு நாடகம். முதிய மீனவன், அவன் மகள், ஒரு படகு. மேடையில் படகு கிடையாது. ஒரு துடுப்பு மட்டும். துடுப்பின் அசைவிலும் உடலின் அசைவிலும் ஆறே தெரியும். மீன்வரி கொடு என்கிறான் ஊர்ச் செல்வன். முறையிட்ட மீனவனுக்கு அரசு அலுவலன் வழங்கிய நீதி நாற்பது அடி! அன்றிரவே தந்தையும் மகளும் ஆற்றைக் கடக்கின்றனர், கணக்குத் தீர்க்க. ஏழையின் நெஞ்சக் கனலைக் காட்டிடவும் அந்த மேடைக்குத் தெரிந்திருந்தது.

ஆயினும், அதே மேடையிலேதான் தேவர்களும் பேய்களும் ஆடினர். அதன் விளைவை 1900இல் சீனம் கண்டது. அன்னியர் ஆதிக்கத்தின்மீது கொதித்தெழுந்த பாக்சர் கூட்டத்தார், நாடகத்திலே கண்ட குவான் யூவும், குரங்கு மன்னனும் தம் உடலில் புகுந்துவிட்டனர், இனிக் குண்டு துளைக்காது என்று நம்பி நின்றனர். குண்டு துளைத்தது. அவர்தம் சினத்துக்குக் காரணம் இருந்தது, நம்பிக்கைக்குத்தான் இல்லை. வீரம் இருந்தது, விவேகம் இல்லை. ஆகவே பிணங்கள் குவிந்தன.

இந்த நிலையில், 1904இல், ஓர் இளைஞன் எழுதினான். பெயர் சென் துசியூ. பின்னாளில் "புதிய இளைஞன்" ஏட்டை நடத்தியவனும், 1921இல் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியோரில் ஒருவனும் அவனே. ஆன்ஹுவெய் மாநிலத்துப் பேச்சுமொழி ஏடொன்றில், புனைபெயரில், நாடகம் பற்றிய கட்டுரை தீட்டினான். நாடகக் கொட்டகை மக்கள் அனைவருக்குமான பள்ளி. நடிகர்கள் மக்கள் அனைவருக்குமான ஆசிரியர்கள் — இதுவே அவன் கருத்து. படிக்கத் தெரியாதவனுக்கு ஏடு எட்டாது. பள்ளி எல்லார்க்கும் கிட்டாது. நாடகமோ குருடனுக்கும் செவிவழி செல்லும், செவிடனுக்கும் விழிவழி செல்லும் என்றான். தேவர் கதை வேண்டாம், பேய்க் கதை வேண்டாம், காமக் களியாட்டம் வேண்டாம், பட்டம் பதவி தேடும் கதை வேண்டாம். வீரர் வரலாறு வேண்டும், மேடையில் சொற்பொழிவு வேண்டும், ஒளியியல், மின்னியல் போன்ற அறிவியலும் வேண்டும் என்றான். நடிகனை இழிந்தோன் எனத் தள்ளும் வழக்கத்தையும் சாடினான். எண்ணிப் பாருங்கள்! தேர்வு எழுதத் தகுதியற்றவன் என்று சட்டம் தள்ளி வைத்தவனை, ஆசிரியன் என்றழைத்தான் ஓர் இளைஞன். மறு ஆண்டே, 1905இல், அந்தப் பழைய தேர்வு முறையே ஒழிந்தது.

சொல் விதையாயிற்று, முளை எங்கே தெரிந்தது? மெய் லான்பாங் எனும் நடிகரிடம் தெரிந்தது. 1894இல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் சிறுவனாக இருந்தபோதே நாடகக் குழுவுக்கு விற்கப்பட்டவர். பேரனோ, 10 வயதில் மேடையேறி, பெண் வேடத்தில் ஈடு இணையற்றவரானார். புகழோடு நின்றுவிடவில்லை அவர். 1914 முதல், அன்றாட உடையிலே, அன்றாட வாழ்வைக் காட்டும் புதிய நாடகங்களை நடத்தினார். 1916இல் "ஒரு சணல் இழை": பெற்றோர் முன்கூட்டியே பேசி முடித்த மணத்தால் மாய்ந்த பெண்ணின் கதை. டியன்சின் நகரில் அதைக் கண்ட ஒரு குடும்பத்தார், தம் பெண்ணுக்கு அவ்விதம் செய்திருந்த நிச்சயத்தை மாற்றார் இசைவுடன் நீக்கிக்கொண்டனர் என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். 1918இல் "பாம்பைக் கொன்ற சிறுமி": ஆண்டுதோறும் ஒரு பெண்ணைப் பலியிடாவிடில் பாம்பு ஊரை அழிக்கும் என்று அஞ்சி நடுங்கிய ஊர், வாளேந்திச் சென்று பாம்பையே வெட்டி வீழ்த்திய சிறுமி! பழங்கதைதான். பகுத்தறிவு புகுந்ததும் பழங்கதையே படைக்கலமாயிற்று.

1930இல் அவர் அமெரிக்கா சென்றார். இரண்டு கல்வி நிலையங்கள் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கின. பாட்டன் தேர்வெழுதத் தகாதவன், பேரன் டாக்டர்! 1935இல் மாஸ்கோ. அவையில் ஐசன்ஸ்டீன் இருந்தார்; மெயர்ஹோல்ட் இருந்தார்; ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் இருந்தார். நடிகன் பாத்திரத்தில் கரைந்துபோகாமல், பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். ஆகவே காண்போனும் மயங்காமல் சிந்திக்கிறான் என்று கண்டார் பிரெக்ட். அதை வைத்துக் கட்டுரையும் தீட்டினார். மெகார்ட்னி வியந்து திரும்பினார். பிரெக்ட் கற்றுத் திரும்பினார். காண்பவர் கண்ணுக்குள் இருக்கிறது வேறுபாடு.

1941இல் ஜப்பானியர் ஹாங்காங்கைக் கைப்பற்றினர். அங்கிருந்த மெய் லான்பாங், மீசை வளர்த்தார். பெண் வேடக்காரனுக்கு மீசை! ஆதிக்கக்காரனுக்கு ஆடமாட்டேன் என்பதற்கு அதுவே அறிவிப்பு. 1945இல் ஜப்பான் வீழ்ந்த பிறகே மீசை வீழ்ந்தது.

1951இல் புதிய சீன அரசு நாடகச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. நாடகம் திருந்த வேண்டும், நடிகர் நிலை உயர வேண்டும், பழைய முறி முறை ஒழிய வேண்டும் என்றது. நல்லதே. கூத்தன், மதிப்புக்குரிய கலைஞனானான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

மன்னனிடம் அஞ்சாது உண்மை உரைத்த பழைய அமைச்சன் ஹாய் ருய் பற்றி, வரலாற்றாசிரியர் வூ ஹான் எழுதிய நாடகம் 1961இல் மேடையேறியது. 1965 நவம்பரில் அதன்மீது பாய்ந்தது ஆட்சியாளர் தரப்புக் கட்டுரை. அதுவே பண்பாட்டுப் புரட்சியின் முதல் வெடியாயிற்று. 1966 ஆகஸ்டு 23: பீக்கிங்கில் கன்பூசியஸ் கோயில் முற்றத்தில் நாடக உடைகளைக் குவித்துத் தீயிட்டனர் செங்காவலர். அந்தத் தீயின் எதிரே எழுத்தாளர் லாவ் ஷே முதலானோரை மண்டியிட வைத்து அடித்தனர். மறுநாள் லாவ் ஷே ஏரியில் உயிர் துறந்தார். ஹாய் ருய் வேடம் புனைந்த மா லியன்லியாங் அந்த ஆண்டின் இறுதியிலேயே மாண்டார். பிறகு பல ஆண்டுகள், கோடானுகோடி மக்களுக்கு "முன்மாதிரிப் படைப்புகள்" எட்டே எட்டு! தேவர் போயினர், தலைவர் தேவரானார். பழைய வழிபாடு போயிற்று. புதிய வழிபாடு வந்தது. சீர்திருத்தமா இது? கேள்வி கேட்பவனை மண்டியிட வைப்பதன் பெயர், எந்த வண்ணம் பூசினாலும், அடிமைத்தனந்தான்!

1976க்குப் பின் பழைய நாடகங்கள் மீண்டன. 2010இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அரங்குகளில் அயல்நாட்டார் அமர்கின்றனர், வண்ணம் காண்கின்றனர், வியக்கின்றனர்.

வியக்கட்டும். ஆனால் பகுத்தறிவாளன் அரங்கத்தில் அமரும்போது மூன்று கேள்விகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஆடுபவனுக்கு இந்த நாடு என்ன மதிப்பளித்தது? ஆடும் கதை, காண்போனை நிமிர்த்துகிறதா, குனிய வைக்கிறதா? அந்தக் கதையை மறுத்துப் பேச ஒருவன் எழுந்தால், அவனை இருக்க விடுவார்களா?

சட்டத்தால் இழிவுபடுத்தப்பட்டவன் ஆசிரியனானான்; அது 1904இன் வெற்றி. சிறுமியின் வாள் பாம்பை வெட்டிற்று. அது 1918இன் வெற்றி. அவ்விரண்டும் எவர் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. எடுத்துரைத்தார்கள்; மக்கள் எண்ணிப் பார்த்தார்கள்; ஒரு குடும்பம் ஒரு பெண்ணின் வாழ்வைக் காத்தது. தீயிட்டவர்களோ சாம்பலைத் தவிர வேறெதையும் ஈட்டவில்லை. மேடை மக்களின் பள்ளி என்றால், அங்கே பாடம் நடத்துவதற்கு அறிவு வேண்டும், பிரம்பு வேண்டாம்.