மாட்டைக் கடன் கொடுத்தவர்கள்

தெற்கு எத்தியோப்பியாவிலும் வடக்கு கென்யாவிலும் மாடு மேய்த்து வாழும் போரானா மக்களுக்குக் கடன், சேமிப்பு எல்லாம் மைக்ரோஃபைனான்ஸ்காரர்கள் போய்த்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் எனக்குச் சண்டை.

அவர்களிடம் பூசா கோனோஃபா என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பஞ்சத்திலோ நோயிலோ கொள்ளையிலோ மந்தையை இழந்தவர் தன் குலத்தாரிடம் போய் நிற்பார். குலம் கூடிப் பேசும். ஆளுக்கொரு மாடு என்று சேர்த்து, அவர் மறுபடி எழுந்து நிற்கும் அளவுக்குக் கொடுப்பார்கள். இதற்கு வட்டி கிடையாது. இதுபோக, கறவை மாட்டை இரவல் கொடுக்கும் வழக்கமும் உண்டு: பால் வளர்ப்பவருக்கு, மாடு உரிமையாளருக்கு. என் மந்தை நாலு குடும்பங்களிடம் பிரிந்து கிடந்தால், ஒரு பக்கம் மழை பொய்த்தாலும் இன்னொரு பக்கம் கொஞ்சமாவது மிஞ்சும். எங்கள் தொழிலில் டேட்டாவை நாலு சர்வரில் பிரித்து வைப்பதும் இதே கணக்குதான்.

ஆனா இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழக்கக் கூடாது. 1890-களை ஒட்டி வெக்கை நோய் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதி முழுக்க மாடுகளை வாரிக்கொண்டு போனது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மெனலிக்கின் படை போரானா நிலத்துக்குள் வந்துவிட்டது. 1907-இல் பிரிட்டனும் எத்தியோப்பியாவும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே போனது. மழையைத் தேடி நடப்பவர்களுக்கு நடக்கும் வழி சுருங்கினால், கொடுத்து உதவும் கையும் சுருங்கத்தானே செய்யும்?

மைக்ரோஃபைனான்ஸ் பிறந்த ஊர் வேறு. 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய கிராமீன் முறைக்கு வாராவாரம் தவணை. வீடு நகராத, சந்தை பக்கத்தில் இருக்கிற ஊருக்கு அது பொருந்தும். புல்லைத் தேடி நகரும் குடும்பத்திடம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் போய் வசூல் பண்ணுவது? பால் பெருகுவது மழைக்குப் பிறகு. ஆடு நல்ல விலைக்குப் போவது அது கொழுத்த பிறகு. தவணை நாட்காட்டிக்கு இதெல்லாம் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், 1999-இல் எத்தியோப்பியாவில் தொடங்கிய ஒரு மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம் பூசா கோனோஃபா என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. பெயர் பழசு, வட்டி புதுசு. அதில் தப்பு சொல்ல முடியாது, கடன் நிறுவனம் வட்டி இல்லாமல் ஓடாது. ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் பழைய ஏற்பாடு கூடவே வந்துவிடாது.

எனக்குப் பிடித்தது இதே காலத்தில் நடந்த இன்னொரு முயற்சி. லேன் கோப்பாக், சாலமன் தெஸ்தா ஆகிய ஆய்வாளர்கள் 2000-லிருந்து தெற்கு எத்தியோப்பியாவில் வேலை செய்தார்கள். அங்கிருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி வடக்கு கென்யாவுக்குப் போனார்கள். அங்கே இவர்களைப் போலவே மேய்ச்சல் குடும்பத்துப் பெண்கள் ஏற்கெனவே குழு சேர்த்து, காசு சேர்த்து, கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். நிபுணர் ஒருவர் ஸ்லைடு போட்டுக் காட்டுவதும், தன்னைப் போன்ற ஒருத்தி தன் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டுவதும் ஒன்றா?

திரும்பி வந்தவர்கள் குழு ஆரம்பித்தார்கள். சேமிப்பு, அதிலிருந்து கடன், கூடவே எழுத்து, கூட்டல் கழித்தல், வியாபாரக் கணக்கு. 59 குழுக்கள், சுமார் 2,300 உறுப்பினர்கள், பெரும்பாலும் பெண்கள். ஆடு வாங்கிக் கொழுக்க வைத்து விற்றார்கள், சின்னக் கடை போட்டார்கள். 2005 முதல் 2008 வரை பஞ்சம் வந்தபோது, குழுவில் இருந்த குடும்பங்கள் இல்லாதவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. 2011-இல் 'சயின்ஸ்' இதழில் இந்த முடிவுகள் வந்தன. அங்கே மாடு பெரும்பாலும் ஆணின் பேரில். பாலும் வெண்ணெயும் பெண்ணின் கையில். குழுக் கணக்கில் பெண்ணின் பேரில் காசு ஏறியதைத்தான் இதில் பெரிய மாற்றமாக நான் பார்க்கிறேன்.

இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சியில் எனக்கு இவ்வளவு உற்சாகம் இல்லை. மந்தை குறைந்து மொயாலே, யாபெலோ மாதிரி ஊர்களுக்கு வருபவர்களுக்குத் தொழில் வேண்டும், சரி. ஆனால் ஒரே சிறு ஊரில் இருபது பேருக்குத் தையல் சொல்லிக்கொடுத்தால் துணி தைக்க யார் வருவார்கள்? கென்யாவின் மார்சபிட் பக்கம் போமா என்ற அமைப்பு இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. பரம ஏழைப் பெண்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்து, கடனாக இல்லாமல் மானியமாகவே முதல் கொடுக்கிறது. ஒரு வழிகாட்டி கூடவே இருப்பார். ஒன்றுமே இல்லாதவரிடம் கடனைக் கொடுப்பது உதவியா பாரமா என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியும்.

2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்து பொய்த்தன. போரானா மாடுகள் பெருமளவில் செத்தன. மந்தையைவிட்டு வெளியே வருமானம் தேடச் சொன்ன திட்டங்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது. ஒரு பெண்ணின் கடைக்கு மழை வேண்டாம், புல் வேண்டாம். ஆனால் அந்தக் கடையில் சர்க்கரையும் தேயிலையும் கடனுக்கு வாங்கிப் போகிறவர் மாட்டுக்காரர். மாடு விற்றதும் தருகிறேன் என்று சொல்லித்தான் நோட்டில் பேர் எழுதிவிட்டுப் போவார்.