கண்ணியை மாட்டியவர் யார்?



அயோத்திதாசப் பண்டிதர் நினைவில் பேச வரும்போது ஒரு சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதுதான் பொருத்தம் என்று நமக்குத் தோன்றியது. 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர், வரலாற்றைச் சொற்களுக்குள் தேடியவர். பண்டிகையின் பெயரையும் சாதியின் பெயரையும் பிரித்துப் பார்த்து, இதை யார், யாருக்கு, எதற்காக வைத்தார்கள் என்று கேட்டார். அவர் சொன்ன சொற்பிறப்புகள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளாது. அவர் கேட்ட கேள்வி மட்டும் பழசாகவில்லை. அந்தக் கேள்வியை இன்று காரிமங்கலத்தில் ‘கண்ணி’ என்ற சொல்லிடம் கேட்டுப் பார்ப்போம்.

கண் என்பதற்குத் துளை என்றும் பொருள் உண்டு. வலையின் ஓட்டையை வலைக்கண் என்கிறோம். கயிற்றை வளைத்து, இழுத்தால் இறுகும்படி முடிச்சிட்டால் அது கண்ணி. சங்கப் பாடல்களில் தலையில் சூடும் மாலைக்கும் கண்ணி என்றே பெயர். சூடுகிற வளையமும் சுருக்குகிற வளையமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதற்குப் பிறகு வருவோம்.

பழந்தமிழில் பொறிகளுக்கென்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. ‘அடார்’ என்பது கற்பொறி. பெரிய கல் ஒன்றைச் சாய்த்து நிறுத்தி, சிறு பொறியால் தாங்கி வைப்பார்கள். விலங்கு உள்ளே வந்து பொறியைத் தட்டினால் கல் விழும். தினைப்புனத்தைத் தின்ன வரும் பன்றிக்கு வைத்த அடார் நற்றிணையில் வருகிறது. புலிக்கு வைத்தது புறநானூற்றில் வருகிறது. யானைக்கு வெட்டி மேலே மூடி வைக்கும் குழிக்குப் ‘பயம்பு’ என்று பெயர். மூன்றாவது சொல்தான் நம்மைத் தூங்கவிடாதது: ‘பார்வை’. பழக்கி வைத்த மானையோ பறவையையோ கட்டிவைத்து, அதன் இனத்தையே அருகில் வரவழைப்பார்கள். அந்த இரை விலங்குக்குப் பார்வை என்று பெயர். இன்றும் கௌதாரி பிடிப்பவர்கள் கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கத்தவிட்டு, சுற்றிலும் கண்ணி வைப்பதுண்டு. வருகிற பறவை கண்ணியைப் பார்ப்பதில்லை, தன்னைப்போல ஒன்று அங்கே நிம்மதியாக இருப்பதைத்தான் பார்க்கிறது.

அடாரைப் பற்றிய அந்தப் பாடல்களில் பயன்படும் வினைச்சொல் ‘மாட்டு’. புனத்துக்காரன் கல்லை மாட்டினான். வினை வைத்தவனுடையது. இன்றைய பேச்சில் அதே வினை எங்கே போயிருக்கிறது என்று பாருங்கள். ‘மாட்டிக்கிட்டான்.’ வைத்தவன் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிட்டான். அகப்பட்டவனே எழுவாய், அவனே வினைமுதல், அவனே குற்றவாளி. ‘கொள்’ என்ற ஒரு துணைவினை இவ்வளவு வேலை செய்திருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. பதவியில் இருப்பவர் சிக்கினால் ‘அவருக்குக் குழி பறித்தார்கள்’ என்றும், ‘சதிவலை பின்னப்பட்டது’ என்றும் செய்தி வரும். அங்கே பறித்தவர் உண்டு, பின்னியவர் உண்டு. சூளையில் குடும்பத்தோடு கிடப்பவனைப் பற்றிப் பேசும்போதுதான் ‘ஏமாந்துட்டான்’, ‘மாட்டிக்கிட்டான்’ என்று முடித்துக்கொள்கிறோம். பெரிய மனிதருக்குச் சதி நடக்கிறது, ஏழைக்கு ஏமாளித்தனம் வந்துவிடுகிறது.

ஈழத் தமிழில் போர் இந்தச் சொற்களைக் கூர்மையாகப் பிரித்தது. கண்ணிவெடி, மிதிவெடி, பொறிவெடி என்று வெவ்வேறு பெயர்கள். காலால் மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. அந்தப் பெயரிலும் மிதிக்கிற கால் இருக்கிறது, புதைத்த கை இல்லை. போர் முடிந்து ஆண்டுகள் ஆன பின்னும் வன்னியில் பெண்கள் முழங்காலிட்டு, மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி அவற்றை அகற்றிக்கொண்டிருந்தார்கள். புதைத்தவர்கள் யாராக இருந்தாலும், தோண்டியெடுத்தவர்கள் கூலிக்குப் போன பெண்கள்.

இனி நம் பக்கம் வருவோம். காரிமங்கலம் உட்பட இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த முக்கிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூரோடு சேலமும் ஒன்று. ஆள் பிடித்தவர் கங்காணி. அவர் வெள்ளைக்காரர் அல்லர். பெரும்பாலும் பிடிக்கப்பட்டவர்களின் ஊரையோ அக்கம்பக்கத்தையோ சேர்ந்தவர், பலமுறை உறவினர். வெள்ளை வேட்டியும் சட்டையும் போட்டு ஊருக்குத் திரும்பி வந்து நிற்பார். தோட்டத்தின் பணத்தை முன்பணமாகக் கொடுப்பார். பயணச் செலவும் வழிச்சாப்பாடும் அந்தக் கணக்கில் ஏறும். தோட்டத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஆள் கடனாளி. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனிக்காசு உண்டு. சங்கப் பாடல் ‘பார்வை’ என்று சொன்னது இதைத்தான். கங்காணியைத் துரோகி என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம், அது எளிது. ஆனால் பார்வை மானும் கட்டப்பட்ட மான்தான். கங்காணியும் தோட்டத்துக்குக் கடன்பட்டவர், அவர் கயிறு கொஞ்சம் நீளம், அவ்வளவே.

அங்கே இன்னொரு தமிழ்ச் சொல் ஆங்கில அரசாங்கக் காகிதங்களில் அப்படியே ஏறியது: ‘துண்டு’. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டுக் காகிதம் தர வேண்டும். இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை கடனைக் கட்டுவார், கடன் புதிய கணக்கில் தொடரும். கடன் கைமாறுவதுபோல் தோன்றும், கைமாறியது ஆட்கள். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை ஒழித்தார்கள்.

அடிமை முறை அதற்கு வெகு முன்பே ஒழிந்துவிட்டதாகக் காகிதம் சொல்கிறது. 1843-ன் 5-ஆம் சட்டம், அடிமையின் மீது எஜமானருக்குள்ள உரிமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்றது. 1860-ன் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. இரண்டுக்கும் நடுவில், 1859-ல், 13-ஆம் சட்டம் என்று ஒன்று வந்தது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று வந்து பிறகு விரிந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காமல் போனால் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யலாம். பணத்தைக் கட்டு அல்லது வேலையைச் செய் என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். தொழிலாளி செய்வது மோசடி என்பதுதான் அந்தச் சட்டத்தின் கருதுகோள். முன்பணம் கொடுத்தவருக்குச் சிறைத் தண்டனை எதுவும் அதில் கிடையாது. அடிமையை ஒரு கையால் விடுவித்து, மறு கையால் முன்பணத்தில் கட்டினார்கள். 1925-ல்தான் அதை நீக்கினார்கள். 66 ஆண்டுகள்.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் மக்களைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்துக்காக நம் மேடைகளில் நினைக்கப்படுகிறது. நினைக்க வேண்டியதுதான். அதே அறிக்கையில் அவர் கண்டு எழுதிய இன்னொன்று, படியாள்கள் சிறு தொகைக்குப் பட்ட கடனால் நிலக்காரரிடம் கட்டுண்டு கிடந்தது. நிலம் கொடுத்தால்தான் இந்தக் கயிறு அறும் என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. நிலத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், கயிற்றைப் பற்றிக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம்.

‘கொத்தடிமை’ என்ற சொல்லில் உள்ள ‘கொத்து’ கூலியாக அளக்கும் தானியத்தையும் குறிக்கும், கூட்டத்தையும் குறிக்கும். இரண்டு பொருளும் உண்மை. சூளைக்கு ஒருவர் தனியாகப் போவதில்லை. கணவன் மண் குழைக்க, மனைவி கல் அறுக்க, பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போட என்று குடும்பமாகப் போகிறார்கள். முன்பணம் ஒருவர் பெயரில், வேலை எல்லோர் உடம்பில். கணக்கு நோட்டு முதலாளி வீட்டில் இருக்கும். பருவம் முடியும்போது கடன் முடியாது, அடுத்த பருவத்துக்கு ஏறும். 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட ஆணைய அறிக்கை, தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது.

கண்ணி எப்போதும் முன்னால்தான் இருக்கும் என்றில்லை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ அதைத் திருப்பிப் போட்டது. மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. இங்கே முன்பணம் கிடையாது, பின்பணம். நடுவில் நோய் வந்தாலோ, வீட்டுக்கு வந்துவிட்டாலோ அதுவரை சேர்ந்ததும் போகும். பெண் ஆலைக்குக் கடன்பட்டிருக்கவில்லை, ஆலைதான் அவளுக்குக் கடன்பட்டிருந்தது. இருந்தும் கட்டுண்டது அவள். போனவர்களில் பெரும்பங்கினர் தலித் பெண்கள். எதிர்ப்பு எழுந்ததும் பெயர் ‘கேம்ப் கூலி’ என்று மாறியது. சூடும் மாலைக்கும் சுருக்குக்கும் ஒரே சொல் என்று முன்பு சொன்னோம். அதை அந்த ஆலைகள் அகராதி பார்க்காமலே புரிந்துவைத்திருந்தன.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் மனிதர்கள். நம் சித்தேரி மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் பழங்குடிகள். மரம் வெட்டும் கூலி, முன்பணம், அழைத்துப் போக அறிமுகமான ஒரு தரகர்: பழைய உறுப்புகள் எல்லாம் இருந்தன. செம்மரம் கடல் கடந்து போய்ப் பெரும் விலைக்கு விற்கும் வணிகம், காட்டுக்குள் பிணமாகக் கிடந்தவர்களோ கோடரிக்காரர்கள். மறுநாள் தேநீர்க் கடையில் கேட்ட வாக்கியம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘அவனுங்க ஏன் அங்க போனானுங்க?’ இருபது பிணங்களுக்கு முன்னாலும் நம் இலக்கணம் மாறவில்லை.

இவ்வளவு நேரம் சொன்னது பாதிதான். எழுவாயே கிடைக்காத நம் மக்களுக்கு அது திடீரென்று தாராளமாகக் கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு தலித் இளைஞரும் வன்னியப் பெண்ணும் மணந்துகொண்டதும், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை இறந்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. எரிந்த வீடுகளில் பல, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டியவை. உள்ளூர் நிலக்காரரின் முன்பணத்துக்குக் கை நீட்டாமல் வாழ்ந்ததற்கான சாட்சி அந்தச் சுவர்கள். அதன்பின் சாதி மேடைகளில் ‘நாடகக் காதல்’ என்றார்கள், ‘காதல் வலை விரிக்கிறார்கள்’ என்றார்கள். பாருங்கள், இங்கே வினைமுதல் தெளிவாகிவிட்டது. சூளையில் கிடந்தபோது தானாக மாட்டிக்கொண்டவன், காதலித்தபோது வலை விரித்தவனாகிவிட்டான். தன் விருப்பத்தால் மணந்த அந்தப் பெண்ணோ வெறும் இரையாகிவிட்டாள், அவளுக்கு வினையே தரப்படவில்லை. ஒரு சொல் சாதியைப் பார்த்து வினைமுதலை மாற்றிக்கொள்ளும் என்றால், அதை இலக்கணக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. அந்த மேடைப் பேச்சுக்குப் பிறகு எத்தனை காதலர்கள் தண்டவாளத்திலும் கிணற்றிலும் கிடந்தார்கள் என்பது நாளிதழ் படிக்கும் எவருக்கும் தெரியும்.

இந்த இலக்கணத்தைத் திருப்பி எழுதிய ஓர் இடமும் இருக்கிறது. மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் முன்பணத்துக்காக உழைப்பைக் கட்டும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. சாதியில் பிறந்ததாலேயே சுமத்தப்படும் வேலையையும் அது கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. 15-ஆம் பிரிவுப்படி, இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளியோ கண்காணிப்புக் குழுவோ சொன்னால் போதும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். 1983 டிசம்பர் 16 அன்று பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் கட்டாய வேலை செய்வது தெரிந்தாலே, அவர் வாங்கிய முன்பணத்துக்காகத்தான் செய்கிறார் என்று அனுமானிக்க வேண்டும், மறுக்க வேண்டியவர் முதலாளியோ அரசோதான் என்றது.

ஆனால் விசாரணை அறையில் முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: ‘நீ எவ்வளவு வாங்கின?’ தொழிலாளி தலைகுனிந்து தொகையைச் சொல்வார். அதற்குள் அவர் கடனாளியாகப் பதிவாகிவிடுகிறார். உடன் போகிறவர்கள் அந்த இடத்திலேயே குறுக்கிட்டு, கொடுத்தவர் யார், எந்த நாளில், யார் மூலமாக, கணக்கு நோட்டு யாரிடம் என்று கேட்கச் சொல்ல வேண்டும். மனு எழுதும்போதும் ‘முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சென்றோம்’ என்று எழுதாமல், ‘இன்னார் முன்பணம் கொடுத்து எங்களைக் கொண்டுபோய் வைத்தார்’ என்று எழுதுங்கள்.

‘கடனைக் கட்டிட்டுப் போயிடறோம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரத் துடிக்கும் பெரியவர்கள் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். வாங்கின கை என்ற மானம் அது. அவர்களுக்கு 9-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். சட்டத்தால் அற்றுப்போன கொத்தடிமைக் கடனுக்காக ஒரு ரூபாயைத் திரும்பப் பெற்றாலும் மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவில் ‘வாங்கியவர்’ என்றால் முதலாளி.