குருவின் ஏணி, சீடனின் பல்

மதராஸ் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்கார அதிகாரிகள் நீலகிரிக்கு ரயில் விட வேண்டும் என்று 1854லேயே பேசத் தொடங்கிவிட்டார்கள். பேச்சு காகிதத்தோடு நின்றது. 1873ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. எதிரே சுவர் மாதிரி மலை. அங்கிருந்து டோங்காவும் மாட்டுவண்டியும்தான். கோடை முழுக்க உதகமண்டலத்திலிருந்தே ஆட்சி நடத்திய கவர்னருக்கும் அதே கதிதான். இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் வழுக்கத்தானே செய்யும்?

வழுக்காத வித்தை ஒருவருக்குத் தெரிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் ரிகன்பாக், 1871லேயே ரிகி மலைமீது ரயிலை ஏற்றிக் காட்டியவர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இரும்பு ஏணி ஒன்றைப் படுக்க வைத்து, எஞ்சினின் பல்சக்கரத்தை அதன் படிகளில் ஊன்றி ஏறவைத்தார். 1882ல் அவரே குன்னூர் வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். ‘நீலகிரி ரிகி ரயில்வே’ என்று பெயர் சூட்டிக் கம்பெனியும் தொடங்கினார்கள். முதலுக்கான வருமானத்துக்கு அரசாங்கம் உத்தரவாதம் தர வேண்டும் என்றார்கள். அரசாங்கம் மறுத்தது. பெயரோடு போயிற்று கம்பெனி.

அதே 1882ல், ரிகன்பாக்கிடம் வேலை பழகிய ரோமன் ஆப்ட் வேறொரு பல்லுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். குருவின் ஏணியில் ஒரே வரிசைப் படிகள். சீடனோ பல்வெட்டிய இரண்டு பட்டைகளை அருகருகே பதித்தார். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். ஒரு பல்லிலிருந்து பிடி நழுவும் முன்பே அடுத்த பல் கவ்விக்கொள்ளும். நீலகிரிக்குப் பிடித்துப்போனது இந்தக் கவ்வல்தான்.

1885ல் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். 1891 ஆகஸ்டில் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். காடும் பாறையும் பணத்தைத் தின்றன. 1894ல் அந்தக் கம்பெனியும் திவால்!

1896ல் பிறந்த இன்னொரு கம்பெனி விட்ட இடத்திலிருந்து பிடித்தது. 1899 ஜூனில் குன்னூருக்கு ரயில் ஏறியது. பெட்டிகள் அறுந்து உருண்டுவிடாமலிருக்க எஞ்சின் பின்னால் நின்று தள்ளியது. பெட்டிக்கு ஒரு பிரேக்மேன். அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தில் ரிகன்பாக் காலமானார். ரயிலோ குன்னூரிலேயே நின்றுவிட்டது, ஒன்பது வருஷம்.

நடுவில், 1903ல், அரசாங்கமே பாதையை வாங்கியது. மிச்சமிருந்த மலையில் சரிவு அவ்வளவு கடுமையில்லை, பல்லே தேவைப்படவில்லை. 1908ல், பேச்சு தொடங்கிய 54ஆம் வருஷம், வண்டி உதகமண்டலத்தைத் தொட்டது.

‘உயிரே’ படத்தில் ‘தையா தையா’ என்று கூரைமேல் ஆட்டம் போட்டார்களே, அந்த ஊட்டி ரயில்தான் இது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டிய இடமும் உண்டு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இன்றும் ஆப்டின் பல்தான் தாங்குகிறது. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம்; ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து. ஆனாலும் சீசனில் டிக்கெட் கிடைக்க சிபாரிசு தேடுகிறார்கள்.