வீட்டுக் கடனும் ஏல நோட்டீசும்: கொஞ்சம் பழைய கதை

'ஃபோர்குளோசர்' வேண்டும் என்று நம்மூர் வங்கியில் போய்ச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை. கடனைக் கெடுவுக்கு முன்பே மொத்தமாகக் கட்டி முடிப்பதற்கு இங்கே அதுதான் பெயர். (தனிநபர்களின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு அப்படி முடிக்க அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.) அதே சொல்லை அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் சொன்னால் வீடு கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டு பொருள்?

சொல் பிறந்தது இங்கிலாந்தில். அந்தக் காலத்து அடமானத்தில், குறித்த நாளில் பணம் வராவிட்டால் நிலம் கடன் கொடுத்தவருக்கே. ஒரு நாள் பிந்தினாலும் அவ்வளவுதான். இது அநியாயம் என்று 17-ஆம் நூற்றாண்டில் சான்சரி நீதிமன்றம் தலையிட்டது. கெடு தாண்டினாலும் அசலும் வட்டியும் கொடுத்தால் மீட்கலாம் என்றது. "அப்படியானால் நாங்கள் எத்தனை வருஷம் காத்திருப்பது?" என்று கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள். சரி, ஒரு தேதி வைக்கிறோம், அதற்குப் பிறகு மீட்கும் கதவை அடைத்துவிடலாம் என்றது நீதிமன்றம். அந்தக் கதவடைப்புதான் ஃபோர்குளோசர். ஆக, மூடப்படுவது வீடு இல்லை, மீட்கும் உரிமை. நம் நாட்டில் அந்தக் கதவு எப்போது மூடுகிறது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

புனேயில் குப்பை கொட்டும் என்னைப் போன்றவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. இதே புனே மாவட்டத்தில் சுபா என்ற ஊர். 1875 மே மாதம் அங்கே விவசாயிகள் லேவாதேவிக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்து கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அது புனே, அகமத்நகர் மாவட்டங்களில் பரவியது. 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் இருப்பதை அப்படியே நம்பாமல் உண்மையான கணக்கைத் தோண்டிப் பார்க்க நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் கொடுத்தது.

மூன்று வருஷம் கழித்து, 1882-ல், இன்றும் நடப்பில் இருக்கும் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 60-வது பிரிவுதான் கடன்காரரின் மீட்கும் உரிமை. 69-வது பிரிவு ஒரு வேடிக்கை. நீதிமன்றம் போகாமலே சொத்தை விற்கும் அதிகாரத்தைச் சில இடங்களில் மட்டும் அது அனுமதித்தது. சொத்து கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற நகரங்களுக்குள் இருந்து, பத்திரத்திலும் அந்த அதிகாரம் எழுதியிருக்க வேண்டும். அல்லது இரு தரப்பும் இந்து, முஸ்லிம், பௌத்தர் அல்லாதவர்களாக இருந்து, அடமானம் ஆங்கிலேய முறையில் இருக்க வேண்டும். அல்லது கடன் கொடுத்தது அரசாங்கமாக இருக்க வேண்டும். மற்ற எல்லோரும் வழக்குப் போட்டுத்தான் தீர வேண்டும். தஞ்சாவூர் மிராசுதாரின் நிலத்தை யாரும் நோட்டீஸ் ஒட்டி விற்றுவிட முடியாது.

வழக்கு என்றால் நம் அப்பாக்கள் காலத்து வழக்கு. முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு, பணம் கட்ட ஆறு மாதம் வரை அவகாசம், பிறகு இறுதித் தீர்ப்பு, பிறகு ஏலம். ஏலம் முடிந்த பிறகும், அதை நீதிமன்றம் உறுதி செய்யும் நாள்வரை, பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். ஏலம் எடுத்தவருக்கு அவர் கொடுத்த தொகையில் 5 சதவீதம் சேர்த்துக் கொடுத்தால் போதும். "கேஸ் போடட்டும், இருபது வருஷம் ஓடும்" என்று ஊரில் பெரியவர்கள் தைரியமாகப் பேசியதற்கு இதுதான் காரணம். அந்தப் பேச்சை இன்றும் நம்பும் குடும்பங்கள் உண்டு. என் கவலையே அதுதான்.

ஏனென்றால் 2002-ல் எல்லாம் மாறிவிட்டது. 1991-ல் நரசிம்மம் கமிட்டி வாராக்கடன் பற்றிச் சொன்னதும், 1993-ல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களுக்குச் சட்டம் வந்ததும் முன்கதை. 2002 ஜூன் 21 அன்று அவசரச் சட்டமாக வந்து அந்த வருஷமே சட்டமானது சர்ஃபாசி. 69-வது பிரிவின் பழைய தடையை ஒரே வரியில் தாண்டி, வங்கியே நேரடியாக விற்கலாம் என்றது. எதிர்த்து முறையிட வேண்டுமானால், கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டு என்றது. பணம் இல்லாமல்தானே அவன் தவணையே கட்டவில்லை! 2004 ஏப்ரலில் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 75 சதவீதத்தைச் செல்லாது என்றது, சட்டத்தை மட்டும் நிற்க விட்டது.

மீட்கும் கதவு? விற்பனை முழுதாக முடியும்வரை திறந்திருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் முழுப் பாக்கியும் கட்டினால்தான் உரிமை. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏலம் உறுதியாகும்வரை இருந்த கதவு இப்போது ஏல விளம்பரத்தோடு மூடிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன் (2004-க்கு முன் 180 நாள்). பிறகு 13(2) நோட்டீஸ், 60 நாள். அது கழிந்தால் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம், 30 நாள் அறிவிப்பு கொடுத்து ஏலம் விடலாம். காகிதத்தில் மொத்தம் ஆறு மாதம். நடைமுறையில் கூடும், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. அந்தக் கடைசி 30 நாள் பெரும்பாலும் கதவு மூடிய பிறகான 30 நாள்.

எனவே செய்ய வேண்டியதில் முக்கால்வாசி முதல் 90 நாளுக்குள்தான். வேலை போனதா, ஆஸ்பத்திரிச் செலவா, எதுவானாலும் முதல் தவணை தவறும்போதே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். கடன் காலத்தை நீட்டுவது, தவணையைக் குறைப்பது எல்லாம் அப்போது பேசினால் நடக்கக் கூடியவை. வாராக்கடன் ஆன பிறகு ஒரு தவணை கட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். நிலுவை முழுவதும் கட்டினால்தான் கணக்கு மறுபடி ஒழுங்காகும் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

கட்டவே முடியாது என்று தெரிந்தால் நீங்களே விற்றுவிடுங்கள். ஏலத்தைவிட நல்ல விலை வரும். ஆனால் 13(2) நோட்டீஸ் வந்துவிட்டால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. நோட்டீசுக்குப் பதில் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். (கணக்கில் தப்பு இருந்தால் அப்போதே எழுதுங்கள், வாயால் சொல்லிப் பயனில்லை.) சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம். விவசாய நிலத்தின்மேல் இந்தச் சட்டம் பாயாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பாயாது.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடனைத் தலைமுழுகலாம் என்று கேள்விப்பட்டு இங்கேயும் அப்படி நினைக்க வேண்டாம். ஏலத்தில் வந்த பணம் போதாவிட்டால் மீதியை நம்மிடமே கேட்பார்கள். மிஞ்சினால் மிச்சம் நமக்குச் சேர வேண்டியது, கேட்டு வாங்குங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்று. வீடு தாம்பரத்திலோ கோவையிலோ பூட்டிக் கிடக்கும், நாம் இங்கே இருப்போம். வங்கியிடம் இருப்பது கடன் வாங்கிய அன்று கொடுத்த விலாசம். நோட்டீஸ் அங்கே போய்த் திரும்பும். பிறகு கதவில் ஒட்டி, இரண்டு பத்திரிகைகளில் பொடி எழுத்தில் விளம்பரம் போட்டால், நமக்குச் சொன்னதாகவே கணக்கு. வீடு மாறிய வாரமே புது விலாசம், போன், மின்னஞ்சல் மூன்றையும் கடன் கணக்கில் ஏற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கில் மாற்றினால் கடன் கணக்கிலும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அதையும் தனியாகக் கேளுங்கள்.